மிமோசா கோப்பையின் மெய்யான வரலாறு

உலக டென்னிஸின் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதன் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். நான்தான். பந்து பொறுக்க ஓடினேன்.

1926, மார்ச். பிரான்ஸின் தெற்கே மொந்தோன் கடற்கரை, ஹோட்டல் மிமோசா. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான மிமோசா கோப்பை, நான்காம் ஆண்டு இறுதியாட்டம். மனித குலம் தொட்ட சிகரங்களில் அதுவும் ஒன்று என்கிறான், அதன் வரலாற்றை எழுதிய ஒரே அறிஞன். அவனும் நான்தான்.

'தொழில்முறை' என்றதும் மிரள வேண்டாம். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் பந்து போட்டுக் கூலி வாங்குகிறவர்கள் நாங்கள். கிளப்புக்குள் சமையலறை வாசல் வழியாகத்தான் நுழைவோம். பந்தை இடுப்பு உயரத்தில், வலக்கைக்கு வாகாக, பூப்போல அனுப்ப வேண்டும். ஆறுக்கு நான்கு என்று கௌரவமாகத் தோற்க வேண்டும். அவர்கள் அடித்தது எங்கே விழுந்தாலும் "உள்ளே! பிரமாதம்!" என்று கூவ வேண்டும். இதையே இருபது வருடம் செய்தால் 'நிபுணன்'.

எதிரே நின்ற நிபுணர் என் மனைவியின் அண்ணன், துசேன் பரால். ஜெயிப்பவனுக்கு அடுத்த கோப்பை வரை மிமோசாவில் வேலை. தோற்பவன் வெயிலை மறந்துவிட்டு வடக்கே லீல் நகரத்து நிலக்கரிப் புகைக்கு ரயிலேற வேண்டும்.

இரண்டு மணி நேரம் ஆகியும் முதல் செட் முடியவில்லை. அவர் என் வலக்கைக்குப் போட்டார். நான் அவர் வலக்கைக்குப் போட்டேன்.

"மச்சான், கொஞ்சம் கஷ்டமாப் போடுங்களேன்!"

"கை வர மாட்டேங்குது மாப்ள. நீ போடேன்."

"எனக்கு மட்டும் வருதா?"

பார்வையாளர்கள் குறட்டை விட்டார்கள். நடுவர் நாற்காலியிலிருந்த ஹோட்டல் முதலாளி விதலான் ஒரு கண்ணைத் திறந்தார்.

"டேய், அடுத்த பாயிண்ட் எவன் எடுக்கிறானோ அவனுக்குக் கோப்பை. அங்க எனக்குச் சாப்பாடு ஆறுது."

திறந்த கண்ணை மூடிக்கொண்டார். நான் என் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன்.

"உள்ளே! பிரமாதம்!" என்று கூவினார் மச்சான்.

அப்போதுதான் நான் அப்படித் தலைதெறிக்க ஓடினேன். பந்து பொறுக்குவது பயிற்சியாளனின் ரத்தத்தில் ஊறியது. எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது விதலான் கோப்பையை என் கையில் திணித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் ரயிலடியில் மச்சான் பெட்டியை இறக்கி வைத்தார்.

"மாப்ள, பந்து உள்ளதான விழுந்துச்சு?"

"நீங்கதான சொன்னீங்க?"

"நான் எங்க பாத்தேன்? வாய்ப் பழக்கம்." சற்று யோசித்தார். "அது சரி, உன் கால்சட்டைப் பை ஏன் அப்படிச் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு?"

"வேர்வை மச்சான். உழைப்பு!"

ரயில் போனது. அன்றே விதலானுக்கு அறிக்கை எழுதினேன்: 'இதைவிடச் சிறந்த இறுதியாட்டம் இனிச் சாத்தியமில்லை. ஆகவே, வரலாற்றின் நலன் கருதி, போட்டியை இத்துடன் நிறுத்தலாம்.' செலவு மிச்சம் என்று உடனே கையெழுத்துப் போட்டார். அடுத்த கோப்பை வரவேயில்லை. வேலை பதின்மூன்று வருடம் இருந்தது.

மிமோசா கோப்பை ஏன் அழிந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளைத் துழாவுகிறார்கள். துழாவ வேண்டிய இடம் வேறு. எல்லைக் கோட்டுக்கு அப்பால் பதினைந்து தப்படியில் ஒரு தங்கமீன் தொட்டி இருந்தது. அன்று முழங்கை வரை கையை விட்டு நான் அதில்தான் துழாவினேன்.