ஒரு விரலில் தூக்கிய பம்பர்

காரின் பாரத்தைக் குறைக்கப் புறப்படுகிற எந்த ஆணும் முதலில் குனிந்து தன் வயிற்றைப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் கார்ப் பந்தயம் என்ற விளையாட்டே உலகத்தில் வளர்ந்திருக்காது. நானும் பார்க்கவில்லை. நான் பார்த்தது பம்பரை.

ஹட்டன் பஜாரில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. ஆணி, பெயிண்ட், தண்ணீர்க் குழாய் என்று நிம்மதியாக விற்றுக்கொண்டிருந்த என்னிடம், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைத் தள்ளிவிட்டார். இரண்டே சீட். அதுவரை அதில் கோழிகள் குடியிருந்தன. அதை நுவரெலியா ஏப்ரல் சீசனில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டுவேன் என்று பஜார் முழுக்கச் சொல்லிவைத்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

ஒவ்வொரு சீசனுக்கும் ஏதாவது ஒரு பாகம் வந்து சேராது. கடைசியில் என் மனைவி சுமதி கறாராகச் சொல்லிவிட்டாள். “இந்த சீசனுக்கு ஓடணும். ஓடலேன்னா வண்டிய வித்துறணும். சம்மதமா?” சம்மதம் என்றேன். உண்மையில் பயம்தான். கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியம் அந்தக் கார்.

இஞ்சினைச் சரி செய்தாயிற்று. பாரத்தைக் குறைக்கக் கம்பளம், ரேடியோ, பக்கத்து சீட் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. மிச்சம் பம்பர்தான். பழைய கார்களுக்கான பிரிவில் முன்பக்கம் பம்பர் இருந்தே ஆக வேண்டும், வடிவம் பழையபடி இருக்க வேண்டும், எதில் செய்தாலும் சரி என்பது விதி. ஒரு மனிதனின் புத்தியைக் கெடுக்க ‘எதில் செய்தாலும் சரி’ என்பது போதும்.

பழைய பம்பர் எவ்வளவு கனம் என்று தெரிந்தால்தானே குறைக்கலாம்? பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த சிநேகிதனிடம் கெஞ்சி, கொழுந்து நிறுக்கும் தராசில் அதைத் தொங்கவிட்டேன். நிறுவைக்கு வரிசையில் நின்ற பெண்கள் இடம் விட்டார்கள். ஓர் அக்கா பம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்த மலையில எடுத்த கொழுந்து? ரொம்ப முத்திப்போச்சே” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. விஞ்ஞானிகள் எல்லோருக்கும் இந்த நிலைமைதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஆராய்ச்சி. கடையில் ஆள் வந்து இரண்டு இஞ்ச் ஆணி கேட்டால் போனிலிருந்து தலை நிமிராமல் எதையாவது எடுத்துக் கொடுத்தேன். கார்பன் பைபர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையைச் சுமதி பார்ப்பதற்குள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அலுமினியத்தில் ஒன்று அடித்துப் பார்த்தோம். அது பம்பராக இல்லாமல் லயத்துக் கூரையில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியாக வந்து சேர்ந்தது. சாப்பிடும்போதும் நான் இதையே பேசுவதைக் கேட்ட சுமதி, “பம்பர்ல கொறைக்கிறத ராத்திரி ரொட்டியில கொறைச்சா ஆகாதா?” என்றாள். பந்தயத்தின் நுணுக்கம் பெண்களுக்குப் புரியாது என்று பெருந்தன்மையோடு இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் சாதாரண பைபர்கிளாஸ் என்று முடிவாயிற்று. தலவாக்கலையில் சேகர் என்று ஒருவர் தண்ணீர்த் தொட்டியும் கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் பைபரில் செய்துகொண்டிருந்தார். வழக்கமாக மூன்று அடுக்கு போடுவேன் என்றார். ஒன்று போதும் என்றேன். அவரும் சளைக்காத கலைஞர், அந்த ஒன்றையும் தேய்த்து மெல்லிசாக்கித் தந்தார். வெயிலில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்கள் தெரிந்தன. இருவரும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துப் பூரித்தோம். வெள்ளிப் பெயிண்ட் அடித்து மாட்டியதும் அசல் பம்பர் தோற்றது. ஒரு விரலால் தூக்கலாம் என்பதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தூக்கியே காட்டினேன். அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பந்தயத்தன்று காலையில் கோயிலில் பூஜை. இங்கேதான் என் மாமனார் வருகிறார். தேயிலை ஃபேக்டரிகளுக்கு லொறியில் விறகு ஏற்றுகிறவர். எந்த வண்டி முதல் ஓட்டம் போனாலும் முன் பம்பரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டாமல் விடமாட்டார். அவர் லொறிக்கு எப்படிக் கட்டுவாரோ அதே ஆள் உயரக் கன்றுகளோடு, அதே கயிற்றோடு வந்து நின்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கைகூப்பி நிற்கும்போது, என் பம்பர் வாழைக்கன்றைத் தாங்காது என்று பெண் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? தவிர, நல்ல காரியத்தில் வாழையை வேண்டாம் என்றால் என் அம்மா அன்றைக்கு என்னை ரோட்டில் இறங்கவே விடமாட்டார். மாமா கயிற்றைப் பம்பரோடும் அதற்குக் கீழே இருந்த இரும்புச் சட்டத்தோடும் சேர்த்துச் சுற்றி, காலைச் சக்கரத்தில் உதைத்து, லொறிக்காரர் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினார். ‘சடக்’ என்றது. எனக்குக் கேட்டது. கன்றுதான் முறிகிறது என்று நினைத்த மாமா கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டேன். அவ்வளவு பக்தி எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, உலகப் பந்தய வரலாற்றிலேயே தோட்டத்தோடு கிளம்பிய முதல் கார் புறப்பட்டது. முன்னால் இலை மறைத்ததால் ரோடு எனக்கு அவ்வப்போதுதான் தெரிந்தது. பின்னால் மாமாவின் லொறி, சொந்தக்காரர்களோடு, ஹோர்ன் அடித்தபடி வந்தது. எங்களை முந்திப் போகாத பஸ் இல்லை. தலவாக்கலை டவுனில் ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்து, பக்கத்து சீட்டே இல்லாததைக் கண்டு, பொண்ணு எங்க என்று கேட்டார்.

பந்தயத்துக்கு முன் வண்டியைப் பரிசோதிக்க ஒரு பெரியவர் இருந்தார். மரியாதையான சிங்களத்தில், வாழையை அவிழ்த்தால் பம்பரைப் பார்க்கலாம் என்றார். இது எங்கள் சம்பிரதாயம், ஓடி முடித்ததும் அவிழ்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சம்பிரதாயத்தின் மேல் தனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் பம்பரைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குள் மாமா, “நான் கட்டுனது, நானே அவுக்கிறேன்” என்று வந்துவிட்டார்.

அவிழ்த்தார். வலது கன்றோடு பாதி பம்பர் வந்தது. இடது கன்றோடு மீதி பாதி வந்தது. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை பம்பர் கன்றைத் தாங்கவில்லை, கன்றுகள்தான் பம்பரைத் தாங்கி வந்திருக்கின்றன.

மாமா ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய விரல்கள் தெரிந்தன. “இதுக்கா மாப்பிள்ளை இத்தனை நாள் யோசிச்சீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். பெரியவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த காருக்குப் போனார். சுமதி லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். வண்டி விற்பனை பற்றி மெல்ல ஆரம்பித்தேன். அது வேற, இது வேற என்றாள்.

விற்றோம். கண்டியிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் போனார். கடைக்குப் பின்னால் போய் அழுதேன். (பெயிண்ட் வாடை என்று சொல்லிவைத்தேன்.) மாமாவுக்கோ தன் முடிச்சால்தான் என் பந்தயம் போயிற்று என்ற வருத்தம். அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் கடைக்குக் கன்றுகளோடு வந்தவர், இரும்பு கேட்டை விரலால் தட்டிப் பார்த்து, “தாங்குமா மாப்பிள்ளை?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். கடையே உருண்டு சிரித்தது. அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டு நாற்காலி, கட்டில், நான் பிடிக்கும் ஏணி, எதுவாக இருந்தாலும் ஒரு தட்டு, ஒரு “தாங்குமா?”. இப்போது மொத்தக் குடும்பமும் கேட்கிறது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் எங்கள் மகள் பிறந்தபோதும் கேட்டார். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து என் பக்கம் நீட்ட, மாமா இடையில் புகுந்து என் முழங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு சுமதியிடம் திரும்பினார்.

“தாங்குமாம்மா?”

வார்டே திரும்பிப் பார்த்தது. சுமதி களைத்துப்போய்க் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“குடுங்கப்பா. இது தாங்கும். இத்தனை வருசமா பாக்கிறேன்ல.”

வாங்கிக்கொண்டேன். பம்பரைவிடக் கனமாக இருந்தாள்.