டாஷ்போர்டில் ஓர் ஆச்சரியக்குறி

எம்.டி. குனிந்து கார் ஜன்னலுக்குள் தலையை நீட்டியபோது வனமாமலை மனசுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். அவர் கண்ணில் புது அலாய் வீல் படட்டும், டாஷ்போர்டு படவேண்டாம்.

டாஷ்போர்டுதான் பட்டது.

"லைட் எரியுது போலிருக்கே?"

"ஆமா சார். சின்ன விஷயம் சார்."

"எப்பலேர்ந்து?"

"சக்கரம் மாத்துனதுலேர்ந்து சார்."

"விடாம எரியுதா?"

"விடாம எரியுது சார்," என்றான் வனமாமலை, ஏதோ அந்த விளக்குக்கு ஒழுங்குப் பரிசு வாங்கித் தரப்போவதைப் போல.

"நல்லது," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார் எம்.டி.

அந்தச் சிரிப்புதான் சரியில்லை. எம்.டி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாரோ அவர் அடுத்த மாதம் குடோனில் அட்டைப்பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பார். ஒரகடம் கிளையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

விளக்கு என்றால் பெரிய விளக்கு ஒன்றும் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு குதிரை லாடம், அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரிய வேண்டியது. இரண்டாயிரத்துப் பதினாலில் கண்ட காரிலும் அது வராது, விலை கூடிய மாடலில்தான் வரும். கார் கம்பெனி தனக்கு உதிரிபாகம் செய்து தரும் வெண்டர் ஆட்களுக்குச் சலுகை கொடுத்ததால் வனமாமலையிடம் அந்த மாடல் இருந்தது. ஆச்சரியக்குறியும் சலுகையிலேயே சேர்த்தி.

அவன் கம்பெனி, டாஷ்போர்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்து முடிக்கும் சின்னச் சின்ன மின்னணுப் பெட்டிகளைச் செய்தது. அவற்றின் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை வார்க்கும் ஷெட்டுக்கு வனமாமலை இன்சார்ஜ். உள்ளே என்ன இருக்கிறது என்பது பக்கத்து ஷெட்டின் கவலை. அங்கே செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, மூச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். வனமாமலை நுழைந்ததில்லை.

காரைக் கிளப்புவதற்குள் எம்.டி.யின் செக்ரட்டரி காந்திமதி போன் செய்தாள்.

"சார், திங்கக்கிழமை கார் கம்பெனிலேர்ந்து ஜாஸ்மின் மேடம் ஆடிட்டுக்கு வராங்க. போரூர் கெஸ்ட் ஹவுஸ்லேர்ந்து நீங்கதான் கூட்டிட்டு வரணுமாம். உங்க வண்டியில."

"கம்பெனி வண்டி இருக்கே மேடம்?"

"உங்க வண்டிதான்னு சார் அழுத்திச் சொன்னாரு."

புரிந்துவிட்டது. பிளான்ட் மேனேஜர் நாற்காலி பொங்கலிலிருந்து காலி. சொந்தக் காரில் ஒரு விளக்கை அணைக்கத் தெரியாதவன் தொழிற்சாலையை எப்படி நடத்துவான்? இது பரீட்சை. பரீட்சை அதிகாரிதான் ஜாஸ்மின் மேடம்.

தொழிற்சாலையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அதற்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில் மூல காரணம் பல்லிளிக்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வனமாமலை கேட்டுக்கொண்டே போனான். விளக்கு ஏன் எரிகிறது? சக்கரம் மாற்றியதால். ஏன் மாற்றினான்? பழையது சாதாரணமாக இருந்ததால். அது ஏன் போதவில்லை? பக்கத்து ஷெட் கோதண்டராமனின் காரில் சிவப்புக் கோடு போட்ட அலாய் வீல் இருந்ததால். கோதண்டராமன் மேல் ஏன் கண்? அதே நாற்காலியை அவனும் பார்த்துக்கொண்டிருந்ததால். ஐந்தாவது 'ஏன்' வருவதற்குள் குன்றத்தூர் வந்துவிட்டது. மூல காரணம் தப்பித்தது.

சனிக்கிழமை காலை, அலாய் வீல் விற்ற பரசுராமனின் கடை வாசலில் வண்டி நின்றது.

"இன்னா சார், வண்டி மாப்ள கணக்கா கீதே!"

"லைட் எரியுதுய்யா."

"காத்து கம்மியா இருக்கும் சார்."

காற்று அடித்தான். விளக்கு எரிந்தது. இன்னும் அடித்தான். டயர்கள் கருங்கல்லாயின. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததில் குன்றத்தூரின் வேகத்தடைகள் எல்லாம் வனமாமலையின் முதுகெலும்புக்குத் தனித்தனியாக அறிமுகமாயின. விளக்கு அசரவில்லை. காற்றைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு பரசுராமன் தலையைச் சொறிந்தான்.

"அப்போ சென்சார் சார். பழைய வீலு உள்ள, காத்தடிக்கிற மூக்குக்குப் பின்னாடி, கட்டைவிரல் சைஸ்ல ஒண்ணு குந்திகினு இருக்கும். டயர்ல காத்து எவ்ளோ கீதுன்னு அதான் வண்டிக்கு சேதி அனுப்பும். புது வீல்ல அது இல்ல. சேதி வரலன்னு வண்டி பயந்துக்குது."

"இத மாட்டும்போது சொல்லலியே?"

"மாட்டும்போது நீ கேக்கலியே சார். செவப்புக் கோடு வெளிப்பக்கம் தெரியுமான்னு மட்டும்தான் கேட்ட."

"சரி, பழைய வீல் எங்க?"

"மணிமங்கலத்துல கிளியம்மாக்கா வாங்கினு போயிடுச்சு. கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு வுடும். அந்த டிரெய்லருக்கு மாட்டிகினு கீது."

ஆக, ஒரகடத்து இன்சார்ஜின் காரில் சென்சார் இல்லை. மணிமங்கலத்து ஜெனரேட்டர் வண்டியில் நாலு சக்கரத்திலும் இருந்தது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அது உருண்டு போகும்போதெல்லாம், கேட்பாரில்லாத வானத்தைப் பார்த்துக் காற்றின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கிளியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"வீலு தரமாட்டேன் நைனா. முகூர்த்த நாளு. உள்ள கீற சாமான வேணா எடுத்துக்க. ஆனா இப்ப முடியாது. சாயங்காலம் ரிசப்ஷனு, ஜெனரேட்டர் மண்டபத்துக்குப் போவணும். இழுக்கிற டிராக்டர்காரன் டிமிக்கி குடுத்துட்டான். உன் வண்டில கட்டி இழுத்துகினு போய் வுட்டுட்டு, திருப்பி இட்டாந்துட்டு, அப்பால கழட்டிக்க."

இழுத்தான். சிவப்புக் கோடு போட்ட அலாய் வீல்கள் மேல் பளபளத்துக்கொண்டு போன காரின் வாலில், புகை படிந்த ஜெனரேட்டர் ஒன்று தலையாட்டிக்கொண்டே வந்தது. தெருவில் பேண்ட் வாத்தியக்காரர்கள் அவனைத் தொழில் தோழனாக எண்ணி வணக்கம் வைத்தார்கள்.

பாதி வழியில் விளக்கு அணைந்தது.

வனமாமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அணைந்தேதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. சென்சார் தன் சக்கரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று காருக்கு ஒரு பிடிவாதமும் இல்லை. பக்கத்தில் எங்காவது, காற்றோடு, 'நலம்' என்று குரல் கொடுத்தால் போதும், நம்பிவிடும். ஜெனரேட்டரோடு போரூருக்கே போய் மேடத்தை அழைத்து வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தீவிரமாக யோசித்தான். அந்தஸ்து தடுத்தது.

ரிசப்ஷன் முடிந்து சென்சார்கள் கைக்கு வந்தன. ஞாயிறு காலை பரசுராமன் அவற்றைப் புது வீலில் வைத்துப் பார்த்தான்.

"புது வீல்ல ஓட்டை சின்னது சார். உக்காராது."

"அப்போ?"

"செவப்புக் கோடு அழகாத்தானே சார் கீது?" என்று அவனே ஆறுதல் சொன்னான்.

மத்தியானம் மொட்டை மாடியில் வனமாமலை பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மாரிசெல்வி வந்து பார்த்தாள்.

"என்னங்க செய்யுதிய?"

"நாலு சென்சாரையும் இதுக்குள்ள போட்டு, ரெண்டு பக்கமும் மூடி, டயர் அளவுக்குக் காத்தடைச்சு டிக்கில வச்சிருவேன். நாலும் டயருக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சுக்கிடும்."

"நெசமாவே டயர்ல காத்து எறங்குனா?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

"இது வெடிக்கும்லா?"

"ஒனக்கு இன்ஜினீயரிங் தெரியுமா?"

தெரியாது. ஆனால் வெடித்தது. ஒரு பக்க மூடி பறந்து போய் வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டியில் வட்டமாக ஒரு ஜன்னல் வைத்தது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முழுசாக நனைந்து மேலே வந்தார்.

"இன்னா சார், குடியிருக்கிறியா, குண்டு செய்யறியா? வர்ற மாசம் வூட்ட காலி பண்ணிக்க."

அவர் இறங்கிப் போன பிறகு மாரிசெல்வி கேட்டாள், "லைட்டாவது அணைஞ்சுதா?"

இரண்டாவது குழாய் போர்வெல்லுக்குப் போடும் தடிமன். ஒரு முனையில் காற்றடிக்கும் மூக்கு, மறுமுனையில் அழுத்தம் காட்டும் சின்ன மீட்டர். அது தாங்கியது. டிக்கியில் வைத்துத் தெருவை நாலு முறை சுற்றிவந்தான். ஆச்சரியக்குறி அணைந்தது. விளக்கு இருந்த இடத்துக் கறுப்பை, தூர தேசத்தில் முதல் முறையாகக் கடலைப் பார்ப்பவனைப் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு போனால் போகட்டும், பிளான்ட் மேனேஜருக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு.

திங்கட்கிழமை போரூரில் ஜாஸ்மின் மேடம் வண்டியில் ஏறுவதற்கு முன் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வெளிய வாங்கி மாட்டினதா?"

"ஆமா மேடம். செவப்புக் கோடு ஸ்பெஷல்."

அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். சாலையைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வனமாமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். பார்க்கட்டும்.

"வீல் மாத்தினப்புறம் வார்னிங் லைட் ஏதாவது எரிஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவை கூட?"

"ஒரு தடவை கூட இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப முக்கியம்."

யோசிக்கிறவனைப் போல நெற்றியைத் தடவிக்கொண்டான். பிறகு சொன்னான், "என் வண்டியில லைட் எரிஞ்சு நான் பாத்ததே இல்ல மேடம். நம்ம மெயின்டனன்ஸ் அப்படி."

அவள் பெருமூச்சு விட்டு, போனில் எதையோ வேகமாகத் தட்டினாள். பாராட்டு இப்போதே மேலிடத்துக்குப் போகிறது என்று வனமாமலை எடுத்துக்கொண்டான்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி டிக்கியைத் திறந்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். வனமாமலை இறங்கி ஓடினான்.

"இன்னா சார் இது?"

"மெதுவாப் பேசுய்யா. ஸ்கூல் ப்ராஜெக்ட். பொண்ணுக்கு."

"உனுக்குக் கல்யாணமாயி ஆறு மாசந்தானே சார் ஆவுது?"

"அக்கா பொண்ணு."

"இன்னா ப்ராஜெக்ட்?"

"நீர்மூழ்கிக் கப்பல்."

"காத்து மீட்டர்லாம் எதுக்கு?"

"மூழ்காம இருக்க."

செக்யூரிட்டி குழாயைப் பார்த்தான், முன் சீட்டில் இருந்த மேடத்தைப் பார்த்தான், கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான்.

போர்ட்டிகோவில் எம்.டி., கோதண்டராமன், பூங்கொத்தோடு காந்திமதி, இன்னும் பெரிய தலைகள் எல்லாம் வரிசையாக நின்றிருந்தார்கள். வண்டி நின்றதும் எம்.டி. மேடத்தின் பக்கம் போகவில்லை. நேராக வனமாமலையின் ஜன்னலுக்கு வந்து, வெள்ளிக்கிழமை சிரித்த அதே சிரிப்போடு குனிந்து உள்ளே பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கையை நீட்டி டாஷ்போர்டைத் தட்டினார். இன்னொரு முறை பலமாகத் தட்டினார்.

ஜாஸ்மின் இறங்கி வந்தாள்.

"சாரி சார். ஓனரையும் கேட்டுட்டேன். ஒரு நாளும் எரிஞ்சதில்லையாம். இன்னிக்கே சப்ளையை நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன்."

அவள் உள்ளே நடக்க, எம்.டி. பின்னாலேயே ஓடினார். கோதண்டராமன் படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான். வனமாமலைக்கு ஒன்றும் புரியவில்லை. கொடுக்கப்படாத பூங்கொத்தோடு நின்ற காந்திமதியிடம் கேட்டான்:

"என்ன மேடம், என் வண்டி பக்காவாத்தானே இருக்கு? ஒரு லைட் கூட எரியலியே?"

"அதான் சார் கம்ப்ளெய்ன்ட்டே! சென்சார் இல்லாத சக்கரம் மாட்டினாலும் நம்ம பெட்டி லைட்டை எரிய விடலையாம். ஒழுங்கா எரியுற ஒரே வண்டி உங்களோடதுன்னுதான் எம்.டி. மேடத்தை அதுல ஏத்திட்டு வரச் சொன்னாரு, முன்னாடியே விஷயத்தைச் சொன்னா எதையாவது நோண்டி வெச்சிடுவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."