மோட்டார் ரூம் பக்கத்தில் புதைத்த தகடு

திருவாடானை தாலுகா,
1963, ஆடி மாதக் கடைசி

மகாகனம் பொருந்திய மச்சான் பூமிநாதன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ராக்குவைக் கட்டிய தவசி எழுதிக்கொண்டது. இங்கு நானும் ராக்குவும் மாடு கன்றுகளும் சுகம். மகள் பாண்டியம்மாள் சுகமில்லை. அங்கு உங்கள் சுகத்தை ராமநாத சுவாமி பார்த்துக்கொள்வார், இனி நான் விசாரிப்பதாக இல்லை.

ஆடி அமாவாசைக்கு நானும் ராக்குவும் ராமேஸ்வரம் போய் முங்கிவிட்டு வந்து பார்த்தால், கிணற்றடி மோட்டார் ரூம் பக்கத்தில் புது மண் மேடாகக் கிடக்கிறது. விசாரித்ததில், நீங்கள் அனுப்பிய ஆள் கடப்பாரையோடு வந்து எதையோ புதைத்துவிட்டுப் போனதாகப் பக்கத்துத் தோட்டக்காரன் சொன்னான். உடனே குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டி வந்தோம். கன்னிப் பிள்ளை பார்க்கக் கூடாதென்று, எதற்கென்றும் சொல்லாமல் பாண்டியம்மாளை அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தோண்டினால், மச்சான், கரி. அதன் கீழே உப்பு. மறுபடியும் கரி, மறுபடியும் உப்பு. அடியில் செப்புத் தகடு. அதில் முறுக்கிய கம்பி நேரே வந்து என் மோட்டாரிலும் தகரக் கதவிலும் கட்டியிருக்கிறது. கோடாங்கிக்கே வேர்த்துவிட்டது. “வெள்ளாமையவே கட்டிப்புட்டாக, ஆளு சொந்தத்துலதான் இருக்கு” என்றான். கம்பியை வெட்டி, தகட்டைத் தொண்டிக் கடலில் வீசி, தலைமுழுகித் திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.

அதோடு விட்டதா? பாண்டியம்மாள் திரும்பி வந்த அன்றே ஈரக் கையோடு அந்தத் தகரக் கதவைத் தொட்டாள். ஒரு சத்தம் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினால் உள்ளங்கை வெந்திருக்கிறது, கண் சொருகிக் கிடக்கிறது. அந்த நேரம் எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வரவில்லை, பிள்ளை மூச்சு விட்டால் போதும் என்றுதான் இருந்தது. மூச்சு வந்த பிறகுதான் கோபம் வந்தது. பெண் எடுக்கப் போகிற வீட்டுக்கே தகடு வைக்கிற மனுசன், எடுத்த பிறகு என்னென்ன வைப்பீகளோ. ஆகையால் தை மாதம் வைத்த கல்யாணம் இனி இல்லை. உங்க மகன் நாகநாதன் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, தங்கமான பையன், பொம்பளப் பிள்ளைகள ஏறிட்டுப் பாக்க மாட்டான். பரிசச் சேலைய மடிச்சு வச்சிருக்கோம், ஆள் அனுப்பி வாங்கிக்கிருங்க. நீங்க வந்து எங்க வாசப்படிய மிதிக்க வேணாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். ஆதிரத்தினேஸ்வரர் உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த தவசி

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது உங்கள் ஆள் வந்து நின்றார். பெயர் வீரையாவாம், ஒயரிங் வேலையாம், எர்த் சரியாக இருக்கிறதா பார்க்க வந்தாராம். குழியைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். எங்காவது ஒயர் தோல் உரிந்து கரண்டு கசிந்தால், அது மண்ணுக்குள் இறங்கிப் போக வைத்த வழியாம் அந்தத் தகடு. கரியும் உப்பும் மண்ணின் ஈரம் காயாமல் இருக்கவாம். அந்த வழியை நான் வெட்டிப்போட்டதால் அது என் பிள்ளை உடம்பு வழியாக இறங்கியிருக்கிறது. ஒயரை மாற்றிவிட்டார். புதுத் தகடு வைக்கும்வரை மோட்டார் ஓடக் கூடாதென்று பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். உங்களிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று பாண்டியம்மாளிடமே புலம்பினேன்.

“கதவத் தொட்டா சுருசுருங்குதுன்னு அவுககிட்ட நான்தான்யா சொன்னேன். அவுக, மாமாகிட்டச் சொல்லி ஆள் அனுப்ப வச்சாக” என்றாள்.

அவுக எவுக என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். வைகாசித் தேரோட்டத்தில் உங்கள் நாகநாதனும் இவளும் பேசிக்கொண்டார்களாம். கரண்டு அவளை அடித்தது, இது என்னை அடித்தது. மச்சான், இனித் தை வரைக்கும் தாங்காது, ஆவணியில் முதல் முகூர்த்தமே பாருங்கள். தாய்மாமன் சீரில் ஒரு செப்புத் தகட்டையும் வைத்து, ஊர் பார்க்க மேளதாளத்தோடு கொண்டு வாருங்கள்.