இருமலுக்கு விடுமுறை

மானங்காப்பான் என்றோர் இனம் நம்மிடையே செழித்து வாழ்கிறது. முடிவெட்டப் போகுமுன் தலையைப் படிய வாரிக்கொள்வான், வெளுக்கப் போடும் வேட்டியை ஒருமுறை அலசிவிட்டுத்தான் போடுவான், ஒழுகும் கூரையைப் பார்க்கக் கொத்தனார் வந்தால், அடியில் வைத்த அண்டாவை ஒளித்துவிட்டு, "மழையா? எங்க வீட்டுக்குள்ளயா?" என்று சிரிப்பான். கூரை ஒழுகலாம். ஒழுகுவது தெரியலாமா?

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து மில் தெரு ஒன்றில் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி சுயம்புலிங்கம். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஜீப்பில் வந்து, பஞ்சுத் தூசியால் யார் யாருக்கு மூச்சு கெட்டிருக்கிறது என்று மக்களோடு சேர்ந்தே ஆராயப்போவதாகவும், கெட்டவர்களுக்கு மதுரையில் இலவச வைத்தியம் என்றும், ஆள் சேர்ப்பது மக்கள் பொறுப்பு என்றும் சொல்லிப் போனார். மக்கள் என்றால் தாம்தான் என்பதில் சுயம்புலிங்கத்துக்கு ஐயமே எழவில்லை.

அவர் மனைவி பிச்சையம்மாளுக்கு மில்லில் பஞ்சு பிரிக்கிற வேலை. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள்.

"ஏட்டி, அவுக வந்துட்டுப் போறவரைக்கும் நீ படிப்பகத்துக்குள்ள இரு."

"இருமலப் பாக்கத்தானய்யா வாராக!"

"பாக்கட்டும். அதுக்காக நம்ம வீட்டு இருமலயா காட்டுறது?"

தெருவில் இருமுகிற அத்தனை பேரையும் படிப்பகத்தில் அடைத்து, ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்துக் கதவைச் சாத்தினார். அவர்களுக்குப் பதிலாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு நாகசுரக்காரர்கள், ஒரு சங்கு ஊதுகிறவர், மகாராஜபுரத்திலிருந்து ஒரு பயில்வான். எல்லோருக்கும் மில் சட்டை மாட்டி வரிசையில் நிறுத்தினார்.

பேராசிரியர் வந்து நீட்டிய, மூச்சை அளக்கும் குழாயை முதல் நாகசுரக்காரர் ஊதினார். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. அவர் விரல்களோ பழக்கத்தில் துளை தேடின. சங்குக்காரர் ஊதியதில் குழாயின் மூடி கழன்று விழுந்தது. பஞ்சுத் தூசி நுரையீரலுக்கு ஊட்டமோ என்று பேராசிரியருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தெருவுக்கு வைத்தியம் எதற்கு? வேறு ஊர் பார்க்கலாம் என்று ஜீப்பைக் கிளப்பச் சொன்னார்.

படிப்பகக் கதவு திறந்தது.

"சார், நானும் ஊதுறேன்" என்று பிச்சையம்மாள் வந்து நின்றாள்.

ஊதினாள். முள் அசையவில்லை.

"மிஷின் சூடாயிருச்சு சார்" என்றார் சுயம்புலிங்கம்.

பேராசிரியர் அவளிடம் கேட்டார்: "எவ்வளவு காலமா இப்படி இருக்கும்மா?"

"இப்பத்தான் சார், வெயில்ல வந்து ஐஸ் தண்ணியக் குடிச்சிட்டா" என்றார் கணவர்.

"சின்ன மக பொறந்ததுலருந்து சார்" என்றாள் அவள். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே படிப்பகம் முழுதும் இருமிக்கொண்டு வந்து ஜீப்பைச் சூழ்ந்தது.

"ஏட்டி, எறங்கு! தெருவே பாக்குதுல்ல!"

"பாக்கட்டும். தெரு மானத்த நீரு பாத்துக்கிடும். என் மூச்ச நான் பாத்துக்கிடுறேன்."

ஜீப் நகர்ந்தது. சுயம்புலிங்கம் நாகசுரக்காரர்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்: "நின்னு பாக்கீகளே, வாசிங்கய்யா! இருமல் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேக்குது!"

சிரிக்கிறீர்களா? போன தடவை டாக்டர் உங்களிடம் என்ன செய்கிறது என்று கேட்டபோது, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், சும்மாதான் வந்தேன்" என்றீர்களே, அப்போது பக்கத்தில் நின்ற உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்தீர்களா?