மூன்றாம் நாள் பிடுங்காத நெல்மணிகள்

முள்ளியவளை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகள் யதுர்ஷிகாவுக்கு,

அப்பா தில்லைநாதன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் கம்பஸில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டுகிறோம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். உன் ஆராய்ச்சியை நான் கெடுத்துவிட்டேன்.

போன மாதம் நீ வந்து, எங்கள் வயலில் ஆட்டக்காரி நெல்லின் பூவுக்கு மொட்டைக்கறுப்பன் நெல்லின் மகரந்தத்தைத் தூவி, பத்துக் கதிருக்குக் கடதாசிப் பை கட்டி, மூன்றாம் நாள் மணிகளைப் பிடுங்கி மருந்துப் போத்தலில் போட்டு அனுப்பச் சொன்னாய். ஏன் மூன்றாம் நாள் என்று கேட்டேன். "மணிக்குள்ள இருக்கிற கருவில தாயின்ர மரபணுவும் இருக்கு, தகப்பன்ரயும் இருக்கு அப்பா. ஆனா முதல் நாட்களில கூட வேலை செய்யிறது தாயின்ரதான். தகப்பன்ரயில கனக்க மரபணு சும்மா கிடந்து பிறகுதான் முழிக்கும்" என்றாய். அதைக் கேட்டபின் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உனக்குப் பெயர் வைத்தது அம்மா, பள்ளிக்கூடம் பார்த்தது அம்மா, நான் ஒரு கருத்துச் சொல்ல வாயெடுக்கும்போது நீ கம்பஸுக்கே போய்விட்டாய். மூன்றாம் நாள் விடிய வயலுக்குப் போய்ப் பையை அவிழ்த்தேன். உள்ளுக்குள்ள மொட்டைக்கறுப்பன் பாவம், இன்னும் வாயே திறந்திருக்க மாட்டான். இன்னும் ஒரு நாள் குடுப்பம் எண்டு திரும்பி வந்திட்டன். நாலாம் நாளும் அப்படித்தான். ஏழாம் நாள் உண்மையாப் பிடுங்கத்தான் போனனான், கை வரேல்ல. பிறகு குருவி வந்துது, வலை கட்டினன். காட்டுப் பண்டி வந்துது, வரம்பில காவல் இருந்தன். அம்மாவிட்ட "ஓம், அனுப்பியாச்சு" எண்டு பொய்யும் சொன்னனான். அவா அடுப்பைப் பாக்கக் குசினிக்குள்ள போனவா. இப்ப மணி பழுத்து நிக்குது. உன்ர பட்டம் என்னால நிண்டுபோனா எந்த முகத்தோட உன்னைப் பாக்கிறது?

முடிந்தால் மன்னித்துவிடு மகள். உன் படிப்புக்கு ஒரு குறையும் வராமல் வற்றாப்பளை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பிழை செய்த அப்பா

பி.கு.: ஒட்டுமுன் அம்மா கடிதத்தை வாங்கி வாசித்தா. பின்வரம்போரம் நீ அவாவுக்கு இதேபோல் பை கட்டிய வேறு பத்துக் கதிர் காட்டிவிட்டுப் போனாயாம். அவா மூன்றாம் நாளே பிடுங்கி அனுப்பிவிட்டாவாம். "அப்ப என்ர பத்தும் என்னத்துக்கு?" என்று கேட்டேன். "அது விளைய விட்டு விதைநெல்லுக்காம். காவல் இருக்கச் சொன்னா அப்பா மறந்திடுவார், பிடுங்கச் சொன்னா பிடுங்காமல் காத்து நிப்பார் எண்டு பிள்ளை சொன்னவள்" என்கிறா.