பூஜ்யம் சாரின் கடைசி வில்லை

பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு லோடு ஆட்டோக்காரன் பேராசிரியரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பூஜ்யம் வாங்க ஆசைப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். பெயரே பூஜ்யம் சார் என்று ஆகிவிட்டது. மின்சாரம் போகும் எந்தப் பொருளும் அதைக் கொஞ்சம் தடுக்குமாம். சில பொருள்களைக் கடுங்குளிரில் முக்கினால் அந்தத் தடை பூஜ்யமாகிவிடுமாம். அப்படி ஒன்றைச் செய்வதிலேயே கல்லூரியில் அவர் ஆயுசு போனது.

பொடியை வில்லையாக அழுத்தி உலையில் சுட வேண்டும். அதற்குப் பொடி தூசியைவிட நைசாக இருக்க வேண்டும். கையடக்கக் கல்லுரலில் எந்நேரமும் அரைப்பார். கல்யாணப் பந்தியில்கூட அரைத்தார். பக்கத்து இலைக்காரர், "சுகருக்காங்க சார்? எனக்கும் ஒரு சிட்டிகை குடுங்க" என்று கையை நீட்டினார்.

சாரின் மனைவி, "வீட்டுல ஒரு நாள் சட்னி அரைச்சிருப்பாரா, கேளுங்க" என்றார்.

குளிருக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். எங்கள் பக்கம் அது மாட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் வரும், சினை ஊசி மருந்தைக் கெடாமல் வைக்க. மிச்சமிருந்தால் சாருக்குக் கொடுப்பார்கள். கேனை நான் ஏற்றி வருவேன். வேகத்தடை வந்தால் சார் இறங்கி, கேனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தே தாண்டுவார். பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகும்.

அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தின நாள். உலையில் நாள்கணக்கில் வெந்த கடைசி வில்லை லேபில் தயாராக இருந்தது. மறுநாள் சாவியை ஒப்படைத்துவிட்டால் அதைத் தொட முடியாது. அன்றைக்கே முக்கிப் பார்த்தாக வேண்டும்.

மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கேனோடு கிளம்பும்போது ராசு பைக்கில் வந்து மறித்தான். கறம்பக்குடிப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன்.

"சார், என் கேன் ஓட்டையாயிருச்சு. பூராம் ஆவியாப் போகுது. உள்ள இருக்கிற மருந்து அத்தனையும் செத்துரும். ஆஸ்பத்திரியில வேற கேன் இல்லங்கிறாங்க. அங்க ஒரு அக்கா பசுவக் கட்டிவச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ரெண்டு தடவ சினை நிக்கல. இன்னிக்கும் தப்பிச்சுன்னா அடிமாட்டுக்கு வித்துருவேங்குது."

"அதெல்லாம் ஆகாதுடா. சாருக்கு இன்னிய விட்டா நாளே இல்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

சார் கேனின் மூடியையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "மருந்த இதுக்கு மாத்திக்க ராசு" என்றார்.

"சார், ஒங்க வில்லை?" என்றேன்.

"அது கெடாது முத்து. யாராச்சும் முக்கிப் பாப்பாங்க." பிறகு ராசுவிடம், "அங்கிட்டு ரோடு மோசம்ப்பா. குலுக்காமப் போ" என்றார்.

ராசு போனபின் வெறுங்கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு டீ குடிக்கலாமா சார் என்று கேட்க நினைத்தேன். கல்லூரி வாசல்வரை ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாள் அவருக்கு மாலை போட்டுப் பேசினார்கள். சாவியை ஒப்படைத்தார். வில்லையை யாரும் முக்கிப் பார்க்கவில்லை.