அம்மான் புதுவயலில் நிற்கிறார்

வழிகாட்டும் கருவி யாருடைய காரில் இருக்கிறதோ, அவருக்கு வழி முன்பே நன்றாகத் தெரிந்திருக்கும். அதை வாங்கிக் கொடுத்தவனுக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்காது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தங்கை மீனாளின் கல்யாணத்தன்று, பட்டு வேட்டியோடு ஒரு அரிசி மில் வாசலில், தவிட்டுத் தூசிக்கு நடுவே நின்று தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. (அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.) காரைக்குடிக்கு வரும்போதெல்லாம் வீட்டில் யாரையாவது நவீனப்படுத்திவிட்டுப் போவது என் வழக்கம். அப்பச்சியின் ரேடியோ என் கை பட்ட பிறகு பாடவில்லை. ஆத்தாவின் போன் என் கை பட்ட பிறகு இந்தியில் பேசியது. (எங்கள் பக்கம் அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா, தாய்மாமன் அம்மான்.) ஒரு பொங்கலுக்கு வந்தபோது அம்மான் என்னிடம் சிக்கினார்.

சாத்தப்பன் அம்மான் ஆத்தாவின் ஒரே தம்பி. அறந்தாங்கியில் இரும்புக்கடை வைத்திருந்தார். பழைய வெள்ளைக் கார் ஒன்று, அதைவிடப் பழைய தோல்பை ஒன்று, பிள்ளைகளுக்கென்று பை நிறைய கடலை மிட்டாய். இவற்றோடு மாதம் இருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வருவதைக் கண்ணால் பார்க்கும் முன்பு காதால் கேட்டுவிடுவோம். பூ வாசனையோ மிளகாய் நெடியோ பட்டால் போதும், அவருக்குத் தும்மல் வந்துவிடும். தும்மினால் ஒன்றோடு நிற்காது. தெருவுக்கே சேதி சொல்வதுபோல அடுக்கடுக்காக வரும். தெருமுனைப் பூக்கடையைத் தாண்டும்போது அவர் போடும் தும்மலைக் கேட்டுத்தான் ஆத்தா அடுப்பில் காபிக்குப் பால் வைப்பாள். இப்போது நினைத்தால், எங்கள் வீட்டுக்கு வேறு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்கவில்லை.

அந்த மனிதருக்குத்தான் நான் ஜிபிஎஸ் வாங்கிக் கொடுத்தேன். சின்னத் திரை ஒன்று, அதற்குள்ளிருந்து பேச ஒரு பெண் குரல். அதோடு, கார் எங்கே போனாலும் எங்கள் போனில் ஒரு நீலப் புள்ளியாக நகரும். முதல் வருடம் சந்தா இலவசம். காரில் சிகரெட் பற்றவைக்கும் ஓட்டை ஒன்றுதான் இருந்தது. அதில் அம்மான் தன் போன் சார்ஜரைச் சொருகி வைத்திருந்தார். அதைப் பிடுங்கிவிட்டுக் கருவியைச் சொருகினேன்.

"இனிமே போன் எதுக்கு அம்மான்? நீங்க எங்க இருக்கீகன்னு நாங்களே பாத்துக்குவோம்."

"நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியும்டா," என்றார்.

ஆனாலும் மருமகன் கொடுத்தது என்று வைத்துக்கொண்டார். தினமும் அந்தக் குரலோடு சண்டை போட்டபடி ஓட்டினார். "அந்தப் புள்ள வலப்பக்கம் திரும்பச் சொல்லுது ஆத்தா. அங்குட்டுக் கம்மாய்தான் கெடக்கு. அதுக்கு என்மேல என்ன கோவமோ," என்று அக்காவிடம் சொல்வார். (அவரும் அக்காவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.)

அடுத்த தை மாதம் மீனாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண வேலைக்கு நடுவே என் போனில் கருவிக் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. சந்தா முடியப்போகிறது, வெள்ளித் திட்டமா, தங்கத் திட்டமா, வைரத் திட்டமா என்று. வீட்டில் ஏற்கெனவே வெள்ளி, தங்கம், வைரம் என்று இரவு பகலாகப் பேசி ஓய்ந்திருந்தேன். போனும் அதையே பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன்.

எங்கள் வழக்கப்படி, அம்மான் கொண்டுவரும் பட்டுச் சேலையைக் கட்டி, அவர் கொண்டுவரும் மாலையைப் போட்டுக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். அம்மானும் லேசில் உள்ளே வந்துவிட மாட்டார். கல்யாணத்துக்கு வரும் தாய்மாமனை வீட்டார் வாசலுக்கு வந்து, கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். மற்ற நாளெல்லாம் அடுப்படிவரை நேராக வந்து காபியைத் தானே ஆற்றிக் குடிக்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் அழைக்காமல் படியில் கால் வைக்க மாட்டார்.

எங்கள் வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறு தெருவில். முன்தெரு முழுக்கப் பந்தலும் மாப்பிள்ளை வீட்டுக் கார்களும். அதனால் அம்மானைப் பின்தெரு வழியாக வரச்சொல்லி நான்தான் ஏற்பாடு செய்தேன். பின்கட்டில் சீர்ச் சாமான்கள் அடுக்கியிருந்ததால் பின்வாசலைப் பூட்டி, முழ நீளச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஹாரன்கூட அடிக்க வேணாம் அம்மான். நீங்க பின்தெருவுல திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சுரும். வண்டி நிக்கவும் நான் கதவைத் தொறக்கவும் சரியா இருக்கும்," என்று முதல்நாளே போனில் சொல்லிவைத்தேன்.

கல்யாணத்தன்று காலை நீலப் புள்ளி அறந்தாங்கியை விட்டுப் புறப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் நடுவில் உட்கார்ந்து, "இந்தா, எங்க அம்மான் வந்துக்கிட்டு இருக்காக," என்று போனைக் காட்டினேன். ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "நல்லா விருத்தியாயிருச்சு காலம்," என்றார். அந்தக் காலத்தை நானே கண்டுபிடித்ததுபோலத் தலையசைத்தேன். புள்ளி புதுவயலுக்கு வந்தது. ஒரு அரிசி மில் பக்கத்தில் நின்றது. அப்படியே நின்றுவிட்டது.

முதலில் டீ குடிக்கிறார் என்றேன். பிறகு லாரி மறித்திருக்கும் என்றேன். அவர் போனுக்கு அடித்தால் அணைந்து கிடந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மீனாள் பின்கட்டு அறையில் தலை பின்னி, நகை போட்டு, சாதாரணச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தம்பிக்கு மில்லுல என்னடா வேலை?" என்றாள் ஆத்தா. கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அந்தச் சாலையில் ஓடும் நெல் லாரிகள் எல்லாம் அவள் மனதுக்குள் ஓடியிருக்கும். யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு புதுவயலுக்கு விரட்டினேன். சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

புதுவயலில் புள்ளி காட்டிய இடத்துக்கு நேராகப் போய் நின்றேன். மில் இருந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி இருந்தது. அம்மான் இல்லை. போனைப் பார்த்தால் புள்ளியும் நானும் ஒரே இடத்தில் நின்றோம். லாரியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். (குனிந்து அடியிலும் பார்த்தேன்.) மேலே நின்ற மூட்டைக்காரர், "யாரைத் தேடுறீக?" என்றார்.

"எங்க அம்மானை. இங்கதான் நிக்கிறாக."

அவர் என் பட்டு வேட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லாத் தேடுங்க," என்று மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்.

கருவிக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் பலமுறை சொல்லியது. நாதஸ்வரம் மாதிரி ஏதோ வாசித்தார்கள். தவிடு பறந்து வந்து நெற்றித் திருநீற்றின்மேல் படிந்தது. கடைசியில் ஒரு பெண் வந்தார்.

"உங்க வண்டி புதுவயல்ல இருக்கு சார்."

"நானும் புதுவயல்லதான் இருக்கேன். வண்டி இல்லையேம்மா."

"அது வண்டி கடைசியா இருந்த இடம் சார். உங்க சந்தா இன்னைக்குக் காலையில முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் புள்ளி நகராது."

"இப்ப எங்க இருக்காக?"

"அது எங்களுக்குத் தெரியும் சார். ஆனா புதுப்பிச்சாத்தான் உங்களுக்குக் காட்ட முடியும்."

"இன்னைக்கு எங்க வீட்டுல கல்யாணம்மா."

"வாழ்த்துகள் சார். வைரத் திட்டம் போட்டுக்கிறீங்களா?"

போட்டுக்கொள்கிறேன் என்றேன். எந்த ரத்தினத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறேன் என்றேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றார். பதிவு செய்த எண் அம்மானுடையது. அம்மானின் போன் அணைந்து கிடந்தது. அது ஏன் அணைந்து கிடந்தது என்று யோசித்தபோதுதான், அதன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் நான் எதைச் சொருகினேன் என்பது நினைவுக்கு வந்தது. கடைசியாக, தன் சேவை எனக்கு எந்த அளவு திருப்தி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார் அந்தப் பெண். போனை வைத்துவிட்டேன்.

நான் இப்படி ரத்தினம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மான் எப்போதோ வந்துவிட்டிருந்தார். சொன்ன சொல் மாறாமல் ஹாரன் அடிக்காமல், பின்தெருவில் பின்வாசலுக்கு நேராகக் காரை நிறுத்திக் காத்திருந்தார். கதவு திறக்கவில்லை. மருமகன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான், திறப்பான் என்று முதலில் நினைத்திருக்கிறார். பிறகு, பார்த்துக்கொண்டே திறக்காமல் இருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். வேறொருவராக இருந்தால் இறங்கிக் கதவைத் தட்டியிருப்பார். (பிற்பாடு கேட்டதற்கு, "கல்யாணத்தன்னைக்குக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்க நான் என்ன பால்காரனா?" என்றார்.)

மூடிய காருக்குள் மல்லிகை மாலையோடு எத்தனை நேரம் உட்கார முடியும்? தும்மல் வந்தது. மணப்பெண் மாலைமேல் தும்மக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் காரைவிட்டு இறங்கி, தெருவில் நின்று தும்மிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். பின்கட்டு அறையில் இருந்த மீனாள் காதில் அது விழுந்தது. "ஆத்தா, அம்மான் பின்தெருவுல தும்முறாக," என்றாள்.

எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஜன்னல் வழியாகச் சேலையையும் மாலையையும் வாங்கிவிடலாம் என்று யாரோ சொல்ல, அம்மானுக்குக் கோபம் வந்துவிட்டது. "சீரை ஜன்னல் வழியா நீட்டச் சொல்றீகளா? அவனை வந்து தொறக்கச் சொல்லுங்க." என் போனுக்கு அடித்தார்கள். நான் இன்னொரு அழைப்பில் இருப்பதாகச் சொல்லியது.

அப்பச்சி அதிகம் பேசாத மனிதர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். நாதஸ்வரக்காரர்களைப் பார்த்து, "எந்திரிங்க, வாங்க," என்றார். மேளத்தோடு தெருவைச் சுற்றிக்கொண்டு மைத்துனரை அழைக்கப் புறப்பட்டார். ஏதோ சடங்கு என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவர் விடாமல் பின்னால் போனார்கள்.

நான் தவிட்டுத் தலையோடு வந்து இறங்கியபோது முன்வாசலில் ஒரு ஆள் இல்லை. பந்தலில் காலி நாற்காலிகள் மட்டும் இருந்தன. கல்யாணம் நின்றுவிட்டது, எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். அப்போது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. தலையில் சீர்த்தட்டோடு அம்மான் முன்னால் வர, அவர் கையைப் பிடித்தபடி அப்பச்சி வந்தார். எங்கள் வகையறாவில் எந்தத் தாய்மாமனுக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. அம்மான் என் அருகில் வந்ததும் நின்றார். என் தலையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

"எங்கடா போயிருந்த? உன்னைப் பாக்க ஒரு பொட்டி வாங்கி வச்சுக்கணும் போலருக்கே."

நல்ல நேரம் தாண்டுவதற்குள் தாலி ஏறியது. அன்றைக்கே எங்கள் வீட்டில் ஒரு சொல் பிறந்துவிட்டது. யார் தாமதமாக வந்தாலும் "புதுவயல்ல நிக்கிறாக" என்போம். மீனாளின் மாமியார் வீடு இன்னும் ஒரு படி மேலே போனது. மேளத்தோடு தெருவைச் சுற்றிவந்து பின்வாசலில் தாய்மாமனை அழைப்பது எங்கள் குடும்பத்தின் தொன்றுதொட்ட வழக்கம் என்று நம்பி, தங்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

அம்மான் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. காரை விற்றாயிற்று. போன மாதம் என் சித்தப்பா மகளுக்கு அதே வீட்டில் கல்யாணம் நடந்தது. விடிந்ததும் பார்த்தால் பின்வாசல் அகலத் திறந்திருந்தது. பின்தெருவைப் பார்த்தபடி ஆத்தா படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யாருக்கு ஆத்தா கதவைத் தொறந்து வச்சிருக்கீக?"

"உன் போனைப் பாரு. எந்தம்பி இன்னும் புதுவயலத் தாண்டலையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ போன் மாற்றியும் அந்தச் செயலியை மட்டும் நான் நீக்கவில்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. எடுத்துத் திறந்தேன். அதே மில் பக்கத்தில் அதே நீலப் புள்ளி. கீழே, உங்கள் சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்க இங்கே அழுத்தவும் என்று இருந்தது.

"அங்கதான் நிக்கிறாக ஆத்தா," என்றேன்.

"நிக்கட்டும். வரட்டும் மெதுவா," என்றாள்.

நான் புதுப்பிக்கவில்லை. புதுப்பித்தால் புள்ளி அங்கிருந்து போய்விடும்.